வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடைச் சத்திரசிகிச்சை) செய்தால் உடம்பு பலம் குறையுமா, எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும் நீங்கள், இரண்டு பிள்ளைகள் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். பலம் குறையாது. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் வெட்டி அடைக்கிறார்கள். ஆண் ஹோர்மோன் வழக்கம்போல இரத்தத்தில் கலக்கும், ஆசையும் விறைப்பும் அப்படியே இருக்கும். மனைவிக்குச் செய்யும் கருத்தடையைவிட இது எளிது, லய வீடுகளில்தான் யாரும் இதைப் பேசுவதில்லை!

மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றே அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை. லேசான நோவும் வீக்கமும் சகஜம். காய்ச்சல், சீழ் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உர மூட்டையும் மலையேற்றமும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

இன்னொரு பிள்ளை ஆசை துளி இருந்தாலும் செய்யாதீர்கள், திரும்ப இணைப்பது நிச்சயமில்லை. அப்புறம், பலன் உடனே கிடைக்காது. ஏறக்குறைய 3 மாதம் கழித்து, பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரியும்வரை வேறு கருத்தடை தேவை.