மருத்துவர் பதில்கள்: மாத்திரை வாரமா, ஓய்வு வாரமா?

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது. சிறுநீரகப் புற்றுநோய்க்காகச் சுனிடினிப் மாத்திரையை நான்கு வாரம் சாப்பிட்டு இரண்டு வாரம் நிறுத்துகிறார். வீட்டிலேயே பிரஷர் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷரே இல்லாதவருக்கு இப்போது 152/94 வருகிறது. நாங்கள் அளப்பது தவறா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொள்வதைத் தடுப்பது சுனிடினிப்பின் வேலை. அந்தத் தடை உடலின் மற்ற ரத்தக்குழாய்களிலும் அவற்றைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைப்பதால் அவை இறுகி, சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் ஏறுகிறது. பெவாசிசுமாப், லென்வாடினிப் ஆகிய புற்றுநோய் மருந்துகளுக்கும் இதே குணம் உண்டு. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்வரை இது தெரியாமலே போய்விடலாம் என்பதால், இவ்வகை மருந்துகளின் முதல் சுற்றில் தினமும் வீட்டில் அளக்கும்படி ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

வீட்டில் 135/85 என்பதே மேல் வரம்பு. ஆகவே உங்கள் அளவு அதிகம்தான். ஆனால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. காலையில் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் அனுப்புங்கள். மருத்துவர் வருத்தப்படுவாரோ என்று குறைந்த அளவை மட்டும் அனுப்பும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிகிச்சையில் உடல் மெலிந்து கை சிறுத்திருந்தால் பிரஷர் கருவியின் கையில் சுற்றும் பட்டையின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று, ஓய்வு வாரங்கள். அப்போது அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. பிரஷர் மாத்திரை மட்டும் அதே அளவில் தொடர்ந்தால், விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றிவிடும். எனவே ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ‘மாத்திரை வாரம்’, ‘ஓய்வு வாரம்’ என்று குறித்து அனுப்புங்கள். மருந்துக்கடையில் கேட்டுப் பிரஷர் மாத்திரை வாங்காதீர்கள். பிரஷருக்குத் தரப்படும் டில்டியாசெம், வெரபமில் இரண்டும் ரத்தத்தில் சுனிடினிப்பின் அளவைக் கூட்டக்கூடியவை.

நீங்கள் அனுப்புவதை யார், எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று மருத்துவமனையில் இன்றே கேட்டு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு 180/110 வந்தால், செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தொலைபேசியில் அழையுங்கள். கடும் தலைவலி, பார்வை மங்கல், குழப்பம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிருந்தாலும் நேரே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.