அந்த ஐந்து மெயில்களை முதலில் அழியுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஃபீனிக்ஸில் வேலை. மனைவியும் நான்கு வயது மகளும் தீபாவளி முடியும்வரை இந்தியாவில் இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக எங்கும் போனதில்லை. அக்டோபரில் ஒன்பது நாள் லீவு போட்டு, காரை எடுத்துக்கொண்டு தனியாக யூட்டா போகப்போகிறேன். அங்கே உள்ள தேசியப் பூங்காக்கள்தான் திட்டம்: ஸையான், பிரைஸ், கேப்பிடல் ரீஃப், கடைசி ஐந்து நாள் கேன்யன்லேண்ட்ஸ். கேன்யன்லேண்ட்ஸில் நீடில்ஸ் என்ற பகுதியில் டென்ட் போட்டுத் தங்கி நடப்பேன், நேரம் இருந்தால் ஹார்ஸ்ஷூ கேன்யன் என்ற பாறைப் பள்ளத்தாக்கும். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. பெரிய சண்டை. கடைசியில் "தினமும் ராத்திரி ஒரு வரியாவது எழுதணும்" என்ற நிபந்தனையோடு சரி என்றாள். அங்கே சிக்னல் கிடைக்காது என்பதால் அந்த ஐந்து நாளுக்கும் ஐந்து மெயில் இப்போதே எழுதி, தினமும் இரவு தானாகப் போகும்படி நேரம் வைத்துவிட்டேன், அவள் கவலைப்படாமல் இருக்கட்டும் என்று. என் கேள்வி இதுதான்: குடும்பஸ்தன் தனிமையை விரும்புவது சுயநலமா? அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
பெயர் வேண்டாம், அரிசோனா

பதில்: தம்பி, தனிமையைப் பற்றிய கேள்வியை அப்புறம் பார்ப்போம். அது ஆண்களிடமிருந்தும் பெண்களிடமிருந்தும் எனக்கு அடிக்கடி வருகிற கேள்விதான், பதிலும் அவ்வளவு கஷ்டமில்லை. போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அந்த ஐந்து மெயில், அதை என்னால் தாண்ட முடியவில்லை.

மூன்றாவது நாள் மெயிலில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? "இன்று நல்ல நடை, கால் வலி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கப்போகிறேன்" என்றா? அதை எழுதும்போது நீங்கள் ஃபீனிக்ஸில் உங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தீர்கள். அது அவருக்குப் போய்ச்சேரும் நேரத்தில் எங்கே இருப்பீர்கள், எந்த நிலையில் இருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. கணுக்கால் பிசகி ஒரு பாறை இடுக்கில் கிடந்தாலும் அந்த மெயில் போகும். மறுநாள் நாலாவதும் போகும். அதற்கடுத்த நாள் "நாளை கிளம்புகிறேன்" என்று ஐந்தாவதும் போகும். நினைவு தப்பிக் கிடந்தாலும் போகும், உயிரே இல்லாவிட்டாலும் போகும். உங்கள் மனைவி அதைப் படித்துவிட்டு, அப்பா நன்றாக இருக்கிறாராம் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போவார்.

அவர் கேட்டது கவிதையோ காதல் கடிதமோ இல்லை. ஒரு வரி. அந்த ஒரு வரி வராத ராத்திரி ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டிருக்கிறார். இந்தியாவில் இருக்கும் ஒரு பெண், பாலைவனத்தில் நடப்பவனுக்குத் தேவையான மிக முக்கியமான பாதுகாப்பைத் தானாக யோசித்து, சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். புகை அலாரம் கத்துகிறதே என்று பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொல்வது மாதிரி இருக்கிறது நீங்கள் செய்திருப்பது.

நீங்கள் காணாமல் போனால் யாருக்குத் தெரியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆபீஸுக்குத் தெரியாது, லீவில் இருக்கிறீர்கள். வீட்டில் ஆள் இல்லை. உங்கள் கார் நடைபாதை தொடங்குகிற இடத்தில் மூன்று நாள் நின்றாலும் யாரும் சந்தேகப்படப் போவதில்லை, உள்ளே டென்ட் போட்டுத் தங்குகிறவர்களின் கார் எல்லாம் அப்படித்தான் நிற்கும். இரவு தங்குவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன், பூங்காக் காவலர்களான ரேஞ்சர்களுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். சீட்டு வாங்கியவர் திரும்பிவிட்டாரா என்று அவர்கள் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு இருப்பதில்லை. குறித்த நேரத்துக்கு ஆள் வரவில்லை என்று யாராவது போன் செய்தால்தான் தேடல் தொடங்கும். அந்த "யாராவது" உங்கள் வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான், அவரையும் மெயில் போட்டு உட்கார வைத்துவிட்டீர்கள்.

நேரம் இருந்தால் ஹார்ஸ்ஷூ கேன்யன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரன் ரால்ஸ்டன் பெயரை அந்தப் பக்கம் போகிற எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், நீங்களும்தான். 2003 ஏப்ரல் 26 அன்று அவர் தன் வண்டியை நிறுத்திவிட்டுப் போனது அதே ஹார்ஸ்ஷூ கேன்யன் நடைபாதை தொடங்குகிற இடத்தில்தான். அங்கிருந்து சைக்கிளில் போய், பக்கத்தில் இருக்கும் புளூஜான் கேன்யனில் இறங்கினார், சாயங்காலத்துக்குள் வண்டிக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில். எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. குறுகலான ஓரிடத்தில் கீழே இறங்கும்போது ஒரு பெரிய பாறை நகர்ந்து வலது கையைச் சுவரோடு நசுக்கிவிட்டது. 127 மணி நேரம். கடைசியில் மே 1ஆம் தேதி தன் கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். இந்தக் கதையில் எல்லாரும் கத்தியைத்தான் பேசுவார்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு. அவர் வேலைக்கு வரவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் கவனித்தார்கள், அம்மாவுக்குச் சொன்னார்கள், அந்த அம்மா விடாமல் அதிகாரிகளைத் துரத்தினார், தேடிப்போனவர்கள் அவருடைய வண்டியைக் கண்டுபிடித்தார்கள். ஒற்றைக் கையோடு அவர் நடந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது ஹெலிகாப்டர் ஏற்கெனவே அந்தப் பகுதியில் தேடிக்கொண்டிருந்தது. அது இல்லையென்றால் அவ்வளவு ரத்தம் போன உடம்போடு கார்வரை நடந்தே போயிருக்க முடியுமா? அந்த அம்மாவுக்கு "நன்றாக இருக்கிறேன்" என்று தினமும் ஒரு மெயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த "நேரம் இருந்தால்" என்ற வார்த்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. கேன்யன்லேண்ட்ஸுக்குப் பக்கத்து ஊரான மோவாபிலிருந்து ஹார்ஸ்ஷூ கேன்யனுக்குக் காரிலேயே இரண்டரை மணி நேரம் ஆகும், கடைசியில் மைல் கணக்கில் மண் சாலை. பழைய மனிதர்கள் ஆளுயரத்துக்குத் தீட்டிவைத்த ஓவியங்கள் இருக்கும் இடம், பார்க்க வேண்டியதுதான், ஆனால் மனம்போன நேரத்தில் எட்டிப்பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. நீடில்ஸில் இருப்பீர்கள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, நீங்கள் கேன்யன்லேண்ட்ஸின் மறுகோடியில் இருந்தால் தேடுகிறவர்கள் எங்கே தேடுவார்கள்?

தனியாகப் போகாதே என்று நான் சொல்லவில்லை. கூட ஆள் இருந்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை இல்லை. 2015 செப்டம்பர் 14 அன்று ஸையானில் கீஹோல் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்குக்குள் ஏழு பேர் சேர்ந்துதான் போனார்கள், அனுமதிச் சீட்டும் வாங்கியிருந்தார்கள். திடீர் வெள்ளம் ஏழு பேரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் பாறை நிலத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, எங்கோ தூரத்தில் பெய்த மழை எல்லாம் திரண்டு அந்த இடுக்குகள் வழியாகத்தான் ஓடியாக வேண்டும், உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகவே இருக்கலாம். அதனால் ஸையானில் கால் வைக்கும் முன் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள், சந்தேகமாக இருந்தால் இடுக்குக்குள் நுழையவே வேண்டாம்.

ஆனால் தனியாக நடப்பவனுக்கு ஆபத்து பெரும்பாலும் இவ்வளவு பெரிதாக வருவதில்லை. நீடில்ஸில் நடைபாதை தொடங்குகிற எலிஃபண்ட் ஹில்லிலிருந்து செஸ்லர் பார்க் என்ற இடத்தைச் சுற்றி வருவது ஏறக்குறைய 11 மைல். நடுவில் ஜாயின்ட் டிரெயில் என்று பாறைப் பிளவுகளுக்குள் போகிற பாதை, சில இடங்களில் தோளை ஒடுக்கிக்கொண்டுதான் போக முடியும். வெறும் பாறைமேல் நடக்கும்போது பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது, சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள், ஓர் அடுக்கிடம் நின்று பார்த்தால் அடுத்தது தெரிய வேண்டும். சாயங்கால வெயிலில் எல்லாப் பாறையும் ஒரே சிவப்பாகத் தெரியும்போது ஒன்றைத் தவறவிடுவீர்கள், சரிவாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்தபடி சறுக்கி இறங்குவீர்கள், கீழே போன பிறகுதான் திரும்ப ஏற முடியாது என்று தெரியும். அடி எதுவும் பட்டிருக்காது. இருட்டிக்கொண்டு வரும், பையில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கும். அக்டோபரில் பகல் இதமாக இருந்தாலும் ராத்திரி நடுக்கும். இப்படித்தான், சத்தமே இல்லாமல், ஆள் மாட்டிக்கொள்வான். அந்த இடத்தில் உங்களுக்கு வேண்டியது வீரம் இல்லை, உங்களைக் காணோம் என்று எங்கோ ஒருவர் பதறிப்போய் போனை எடுப்பதுதான்.

அவள் கவலைப்படாமல் இருக்கட்டும் என்கிறீர்கள். ஏன் கவலைப்படக்கூடாது? உங்கள் மனைவி, உங்கள் குழந்தையின் அம்மா, கவலைப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. மறைப்பதை அன்பு என்று எழுதுகிற கணவர்களின் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். கடனை மறைத்தவர்கள், வியாதியை மறைத்தவர்கள், வேலை போனதை மறைத்தவர்கள், எல்லாருமே அவளுக்காகத்தான் மறைத்தேன் என்றுதான் எழுதுவார்கள். மறைத்தவருக்குத்தான் அதில் நிம்மதி. மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டாம், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பாவான பிறகு, நான் உயிரோடு இருக்கிறேனா என்ற தகவல் என் சொந்த விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. அது குடும்பத்துக்குச் சேர வேண்டியது, அதில் பொய் எழுதுவதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, போவது என்றால் ஒழுங்காகப் போங்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவிகள் வாடகைக்கே கிடைக்கின்றன, அதில் ஒரு வரி அனுப்ப செல்போன் சிக்னல் வேண்டாம், நிஜமாகவே அன்றன்றைக்கு எழுதலாம். ஆபத்து என்றால் அழுத்த ஒரு பொத்தானும் இருக்கும். உங்கள் ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அதிலும் செயற்கைக்கோள் அவசர வசதி உண்டு. ஆனால் இரண்டுக்குமே திறந்த வானம் வேண்டும், பாறைப் பிளவுக்குள் நின்றுகொண்டு அழுத்தினால் செய்தி தாமதமாகலாம், போகாமலே இருக்கலாம். அதனால் இது இருக்கிறது என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

மற்றது என்றால் ஒரு தாள். எந்த நாள் எங்கே நடக்கிறீர்கள், காரை எங்கே நிறுத்துகிறீர்கள், கார் நம்பர், டென்ட் என்ன நிறம், காருக்கு எப்போது திரும்புவீர்கள், அதைவிட முக்கியமாக எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து சேதி வராவிட்டால் போன் செய்ய வேண்டும். யூட்டா நேரம் என்று தெளிவாக எழுதுங்கள், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம் அரிசோனாவில்தான் இல்லையே, அக்டோபரில் யூட்டா ஃபீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும், இந்தியா யூட்டாவைவிடப் பதினொன்றரை மணி நேரம் முன்னால். இந்தியாவிலிருந்து அமெரிக்க அவசர எண்ணான 911 அழுத்தினால் அமெரிக்காவுக்குப் போகாது, ஃபீனிக்ஸிலிருந்து அழுத்தினால் ஃபீனிக்ஸ் போலீஸுக்குத்தான் போகும். எனவே பூங்கா அலுவலகத்தின் நேரடி எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு, அந்தத் தாளில் எழுதி மனைவிக்கு ஒன்று, ஃபீனிக்ஸில் நீங்கள் நம்புகிற ஒரு நண்பருக்கு ஒன்று கொடுங்கள். ஹார்ஸ்ஷூ கேன்யன் அந்தத் தாளில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் கிடையாது. அப்புறம், சொன்ன நேரத்துக்கு வெளியே வந்து சிக்னல் இருக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டுவது உங்கள் கடமை, வெளிச்சம் அழகாக இருக்கிறது, இன்னும் ஒரு படம் என்று நின்றுவிடக்கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல், எலிஃபண்ட் ஹில்லில் ஒரு சொட்டும் கிடைக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தனியாக இருக்க ஆசைப்படுவது சுயநலம் இல்லை, ஆசைப்படுங்கள், போங்கள், உங்கள் மனைவிக்கும் ஒருநாள் அந்த ஆசை வரும், அப்போது குழந்தையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வீட்டில் இருங்கள். ஆனால் தனியாக இருப்பது வேறு, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது வேறு. அவருக்குப் புரியவைப்பதற்கு ஒன்றும் இல்லை தம்பி, அவருக்கு எல்லாம் புரிந்துதான் நிபந்தனை போட்டார்.

ஐந்து மெயிலையும் அழித்துவிட்டு அவருக்குப் போன் செய்யுங்கள். இப்படி எழுதி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லுங்கள். கோபப்படுவார், போகவே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் இந்த முறை நீடில்ஸில் டென்ட் வேண்டாம், மோவாபில் அறை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் ஆள் நடமாட்டம் உள்ள பாதையாகப் பார்த்து நடந்துவிட்டு, ராத்திரி அறைக்கு வந்து நீங்களே பேசுங்கள்.