பழைய டீசல் பிக்கப்பை வீட்டிலேயே புதுப்பிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

அப்பா விட்டுச்சென்ற, 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த டீசல் பிக்கப் ஒன்று முற்றத்தில் நிற்கிறது என்றும், அதை வீட்டிலேயே வைத்துப் புதுப்பிக்க முடியுமா, முடியுமானால் எஞ்சினை முதலில் இறக்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் எஞ்சினைக் கடைசிக்கு விடுங்கள் என்பதே என் பதில். நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். வவுனியாவில் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியன். 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப் ஒன்றை, எல்.என். 106 என்ற அடிச்சட்டகமும் 2,779 கன சென்ரிமீட்டர் கொண்ட 3எல் டீசல் எஞ்சினும் உள்ளதை, சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்து 14 மாதங்களில் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். நான்கு மாதம் போதும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் இலங்கையில் பழைய வாகனங்களின் விலை ஏறிய விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓடுகிற நிலையிலுள்ள ஹைலக்ஸை வாங்க என்னிடம் பணம் இருக்கவில்லை. 2022இல், டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், பேசாலையில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த இந்த வாகனம் ஓடாத நிலையில் கிடைத்தது. மீன் ஏற்றியது என்ற அந்த ஒரு தகவலே எனக்கு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நானோ பொனற்றைத் திறந்து எஞ்சினைத்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்பெட்டியைக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஐஸ் போட்ட மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் பல ஆண்டுகளாக அடிச்சட்டகத்தின் மேல் ஒழுகி, பெட்டி வடிவான அந்த இரும்பின் உள்ளே புகுந்து, வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, உள்ளிருந்து தின்றிருக்கிறது. வெளியே கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. சிறிய சுத்தியலால் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். உளுத்த இரும்பு மரக்கட்டையைத் தட்டியது போல அடங்கிப்போகும். பின் அச்சுக்கு மேலே சட்டகம் வளைந்து ஏறும் இடத்தில், வலப்பக்கத்தில், சுத்தியல் முனை உள்ளேயே போய்விட்டது. எஞ்சினுக்கு முதலில் செலவழித்திருந்தால் அந்தப் பணம் முழுவதும் இந்த ஓட்டையின் மேல் நின்றிருக்கும். உங்கள் வாகனத்திலும் இந்தச் சுத்தியல் சோதனையை முதலில் செய்யுங்கள். ஸ்பிரிங் தகடுகள் பிடிக்கும் இடங்களிலும், ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்திலும் இரண்டு பக்கமும் உளுத்திருந்தால், அந்த வாகனத்தை உதிரிப்பாகங்களுக்காக விற்றுவிடுவதே புத்தி.

என்னுடையது ஒரு பக்கம் மட்டுமே என்பதால் வெட்டி ஒட்டினோம். வெல்டிங் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். அடிச்சட்டகத்தில் பழகிப் பார்க்கக் கூடாது. ஒட்டுத் தகட்டை நீள்சதுரமாக வெட்டினால், வெல்டிங் கோடு சட்டகத்துக்குக் குறுக்கே செங்குத்தாக விழுந்து, பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். ஆகவே இரு முனைகளும் சரிவாக, ஏறக்குறைய சாய்சதுர வடிவில் வருமாறு தகட்டை வெட்ட வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இரு வயர்களையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒல்டனேற்றர் போய்விடலாம்.

அடுத்தது முன் அச்சு. எல்.என். 106இல் முன்னாலும் முழு அச்சும் ஸ்பிரிங் தகடுகளும்தான். சக்கரம் திரும்பும் இடத்தில் உருண்டையான ஒரு கூடு இருக்கும், அதனுள் கிறீஸில் மூழ்கியபடி மூட்டு சுழலும். அச்சின் உட்புற ஒயில் சீல் பழுதானால் டிஃபரன்ஷியல் ஒயில் வெளியேறி அந்தக் கிறீஸுடன் கலந்து, சாம்பல் நிறக் கூழாகி, உருண்டையின் வெளிப்புறத்தில் வழியத் தொடங்கும். பலர் வெளிச் சீலை மட்டும் மாற்றிவிட்டு, ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்று கவலைப்படுவார்கள். குற்றம் உள்ளே இருக்கிறது.

இதைத் திறக்க, சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய நட்டுக்கான 54 மில்லிமீட்டர் சொக்கற் ஒன்று கட்டாயம் வேண்டும். முன்னைய உரிமையாளர்கள் உளியால் அடித்தே அந்த நட்டைத் திருப்பியிருந்தார்கள் என்பது அதன் விளிம்பிலிருந்த வெட்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்டியரிங் கையைப் பிடிக்கும் நட்டுகளைக் கழற்றிய பிறகும் அது அசையாது. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் கூம்பு வடிவ வாஷர் ஒன்று ஆப்புப் போல இறுகியிருக்கும். நெம்பிப் பார்ப்பதில் பயனில்லை. பித்தளைத் தண்டு ஒன்றை அருகில் வைத்து நறுக்கென்று நாலு அடி கொடுத்தால் வாஷர் தானாகத் துள்ளி வெளியே வரும். முதல் வாஷருக்கு எனக்கு ஒரு முழு மாலை போனது. எட்டாவதற்கு ஒரு நிமிடம். திரும்பப் பூட்டும்போது, உருண்டைக் கூட்டில் சக்கரம் திரும்ப உதவும் பெயாரிங்கின் இறுக்கத்தை, ஸ்டியரிங் கையின் நுனியில் வில்தராசைக் கொளுவி இழுத்து, அசையத் தொடங்கும் கணத்தில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். என் பழுதுபார்ப்புக் கைநூலில் 3 முதல் 6 கிலோ என்றிருந்தது. நான் பாவித்தது சந்தையில் மீன் நிறுக்கும் தராசு. இந்த வாகனத்துக்கு அது பொருத்தம்தான் என்று வீட்டில் சிரித்தார்கள்.

பிறேக்கில் நீண்ட கதை இல்லை. ரப்பர் குழாய்களும் வீல் சிலிண்டர்களும் எத்தனை நல்லவையாகத் தெரிந்தாலும் புதிதாகப் போடுங்கள். பாரத்துக்கு ஏற்பப் பின் பிறேக்கை அளவிடும் வால்வு ஒன்று பின் அச்சுக்கு மேலே இருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்ற வாகனங்களில் அது பெரும்பாலும் இறுகிப்போயிருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகே எஞ்சினுக்கு வந்தேன். அப்போதும் கழற்றவில்லை, முதலில் அளந்தேன். புதிய பற்றரி ஒன்றைப் போட்டு, குளோ பிளக்குகளை (ஸ்ராற் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றிய துளைகளில், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் டீசலுக்கான கொம்பிரஷன் மானியைப் பூட்டி ஸ்ராற்றரைச் சுழற்றினால், நல்ல 3எல் எஞ்சின் சதுர சென்ரிமீட்டருக்கு ஏறக்குறைய 32 கிலோ காட்டும்; குறைந்தபட்சம் 20; சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் போகக் கூடாது. எனக்கு வந்தவை 27, 26, 17, 26. மூன்றாவது துளையில் சிறிதளவு எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளந்தபோது 18 ஆனது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாகவே ஏறியிருக்கும். ஆகவே கசிவு மேலே, வால்வுப் பக்கம் என்று எஞ்சினைத் திறக்காமலே ஊகிக்க முடிந்தது.

ஆனாலும் எஞ்சினை முழுதாக இறக்கியே பார்த்தேன். அதைத் தூக்க மூன்று ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாய்களால் முக்காலி செய்து செயின் புளொக்கைத் தொங்கவிட்டேன். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. எஞ்சின் ஓர் அடி எழும்பியபோது முக்காலியின் ஒரு கால் மெதுவாக மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. பதறிப்போய்ச் சங்கிலியை விட்டு இறக்கிவிட்டேன். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அது. ஒவ்வொரு காலின் கீழும் தடித்த பலகையோ இரும்புத் தகடோ வையுங்கள். கால்கள் விரியாதபடி சங்கிலியால் பிணையுங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையைக்கூட நீட்டாதீர்கள்.

சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள ஹெட்டைக் கழற்றிக் கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதியவர் ஒருவர் மூன்றாவது சிலிண்டரின் இரு வால்வுகளுக்கும் இடையில் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைக் கொண்டுபோய் வையும், வேற ஹெட் பாரும்" என்றார். வெப்பம் ஏறிய இந்த வகை எஞ்சின்களில் அந்த இடம் வெடிப்பது வழக்கம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய், ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த ஹெட் ஒன்றை வாங்கிவந்தேன். அழுத்தச் சோதனையில் அதுவும் வெடித்தது என்று தெரிந்தது. விற்ற கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். இரண்டாவதை, சோதித்துச் சரியென்றால் மட்டுமே பணம் என்று பேசி எடுத்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

எஞ்சினை முழுதாக மாற்றிவிடலாமே என்று பலர் சொல்வார்கள். மாற்றினால் எஞ்சின் இலக்கம் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். வந்திறங்கும் எஞ்சினின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. சொந்த புளொக் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சினின் உடல்) நன்றாக இருந்தால் அதையே கடைந்து பாவிப்பது நல்லது. என் சிலிண்டர்களின் மேற்பகுதித் தேய்மானம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்ததால், 96 மில்லிமீட்டர் துளையை 0.50 கூட்டிக் கடைந்தோம். பிஸ்டன்களை முதலில் வாங்கிப் பட்டறைக்காரரின் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ப ஒவ்வொரு துளையையும் முடிப்பவரே நல்ல வேலைக்காரர்.

டீசல் பம்பை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அந்தப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வேறு மசகு கிடையாது. அதனூடாக ஓடும் டீசலே மசகு. தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த வாகனம் மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருக்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு என்பதால் உள்ளே கீறல் விழுந்திருந்தது. பம்பை ஓட்டிப் பார்த்து அளக்கும் மேசை வைத்திருக்கும் பம்ப் பட்டறையில் பம்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் ஒன்றாகக் கொடுத்தேன். அதே வேளையில் தாங்கியைக் கழற்றிக் கழுவியிருக்க வேண்டும். நான் மறந்துவிட்டு, துரு வந்து அடைத்த பிறகு கழுவினேன்.

பூட்டும் வேலை ஆசிரியருக்கு ஏற்றது, முழுவதும் அளவுதான். பிஸ்டன் உச்சத்துக்கு வரும்போது புளொக்கின் மேற்பரப்பை விட்டு எவ்வளவு துருத்துகிறது என்று டயல் மானியால் நான்கையும் அளந்து, மூன்று கனங்களில் வரும் ஹெட் கஸ்கெட்டில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்பார்கள், நம்பாதீர்கள். ஹெட் போல்டுகளைக் குறித்த இறுக்கத்துக்குக் கொண்டுவந்த பின், ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ற் புள்ளி வைத்து 90 பாகை, மறுபடி 90 பாகை திருப்பினேன். ஹெட்டில் வால்வு இருக்கைகளைத் தேய்த்திருந்தால் வால்வு இடைவெளி குறைந்துவிடும்; உள்வால்வுக்கு 0.20 முதல் 0.30, வெளிவால்வுக்கு 0.40 முதல் 0.50 மில்லிமீட்டர் வருமாறு எட்டு ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) பார்த்து மாற்ற வேண்டும். ரைமிங் பெல்ற்றைப் போட்டதும் ஸ்ராற்றரைத் தொடாமல், கையால் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். குறி தவறியிருந்தால் பிஸ்டனும் வால்வும் மோதும். கையில் தட்டுப்பட்டால் நிறுத்தலாம், ஸ்ராற்றருக்கு அது தெரியாது. இந்தப் பெல்ற்றை 100,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதால், போட்ட நாளையும் மீற்றர் கணக்கையும் மூடியின் உட்புறத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் தடவை ஸ்ராற் செய்யுமுன், பம்பின் டீசல் தடுப்பு வால்வுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்த விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் சுழற்றினேன். பிறகு வயரைப் பூட்டி, டீசல் குழாய்களில் காற்றை வெளியேற்றி, மறுபடி முயன்றபோது வெள்ளைப் புகையோடு நடுங்கி நின்றது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. புதிதாகக் கடைந்த எஞ்சினை முற்றத்தில் மணிக்கணக்காக வெறுமனே ஓடவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம். அது கூடாது, ரிங் படிய மிதமான பாரம் வேண்டும். ஒழுகல் பார்த்த உடனே ஏ9 வீதியில் கனகராயன்குளம்வரை போய்த் திரும்பினேன். 500 கிலோமீட்டரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விலைகளை இங்கே எழுதினால் சில மாதங்களிலேயே பொய்யாகிவிடும். பங்கீட்டை மட்டும் சொல்கிறேன். மொத்தத்தில் ஏறக்குறைய பாதி எஞ்சினுக்கும் கடைச்சலுக்கும் பம்பிற்கும் போனது; கால்வாசி முன் அச்சு, பிறேக், அடிச்சட்டகம்; மிகுதி ரயர், வயரிங், பெயின்ற். ஆனால் என்னுடைய நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்தது அந்தக் கால்வாசிதான். இருக்கைத் துணிகளை இன்னும் மாற்றவில்லை. வெயில் ஏறினால் கதவைத் திறந்ததும் மீன் வாசம் வருகிறது.

இந்த வார இறுதியில் நீங்கள் செய்ய வேண்டியது, சுத்தியலோடு அடியில் படுத்து அடிச்சட்டகத்தைத் தட்டிப் பார்ப்பதும், நான்கு சிலிண்டர்களின் கொம்பிரஷனை எடுப்பதும் மட்டுமே. அந்த நான்கு எண்களையும், ஒயில் விட்டபின் வந்த எண்களையும், ஓட்டை ஏதும் இருந்தால் அது எந்த இடம் என்பதையும் இங்கே எழுதுங்கள். எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா, ஹெட்டோடு முடியுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.