ஆவணிப் பத்திரத்துக்கு ஆடியிலேயே வேலை

கேள்வி: சில வருடங்களாகச் செங்கல்பட்டு, மறைமலை நகர் பக்கம் வீடு, மனை தரகு வேலை செய்கிறேன். தையிலும் ஆவணியிலும் கையில் பணம் புரள்கிறது, ஆடியும் மார்கழியும் வந்தால் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் ‘இந்த வருடம் 20 லட்சம்’ என்று டைரியில் எழுதுகிறேன், ஜூனுக்குள் மறந்துவிடுகிறது. வருடத் திட்டம் எப்படிப் போடுவது?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: 20 லட்சம் என்று மட்டும் எழுதி வைத்தால், திங்கட்கிழமை காலையில் யாருக்குப் போன் செய்வது என்று அந்த டைரி சொல்லாது. அதைப் பத்திரங்களாக மாற்றுங்கள். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 1% கமிஷன் என்றால் 50,000. அப்படியானால் வருடத்துக்கு 40 பத்திரம். போன வருடக் கணக்கைப் பாருங்கள், ஒரு பத்திரம் முடிய எத்தனை பார்ட்டிக்கு இடம் காட்டினீர்கள்? 15 பேர் என்றால் 600 பேர், மாதத்துக்கு 50 பேர். தனி ஆளாக இது முடியுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் விலை கூடிய சொத்துகளுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இலக்கைக் குறைக்க வேண்டும்.

அப்புறம் மாதக் கணக்கு. உங்கள் சிக்கலே இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கமிஷன் பெரும்பாலும் பதிவு அன்றுதான் கைக்கு வருகிறது, ஆனால் அட்வான்ஸ் போட்ட பிறகு வில்லங்கம், தாய்ப்பத்திரம், வங்கி வக்கீலின் ஒப்புதல், கடன் என்று ஒன்றிரண்டு மாதம் சாதாரணமாக ஓடிவிடும். தையில் பத்திரம் ஆக வேண்டுமென்றால் ஐப்பசியில் பார்ட்டி பிடித்து, மார்கழி பிறப்பதற்குள் அட்வான்ஸ் போட்டிருக்க வேண்டும். ஆடியில் யாரும் வாங்க மாட்டார்கள் என்று நீங்கள் சும்மா இருந்தால் ஆவணி அடுத்தவருக்குப் போய்விடும். அந்த மாதத்தில் விற்பவர்களைப் போய்ப் பாருங்கள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறதா, வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா, வெளிநாட்டில் இருக்கும் தம்பி கையெழுத்துப் போட வருவாரா, பவர் பத்திரம் அனுப்புவாரா? கடைசி நேரத்தில் பதிவு நின்றுபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட விஷயங்களால்தான், ஆடியில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. ஆடிப்பெருக்குக்குப் பதிவு செய்யத் தேடி வருகிறவர்களும் உண்டு, சுபதினங்களில் பதிவுத் துறை கூடுதல் டோக்கன் கொடுக்கிறது, அதையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் கமிஷனை வைத்து ஆடியைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆடியில், மார்கழியில் வீடு மாறுகிறவர்களே குறைவு, அப்புறம் எப்படி? பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்தில் வாடகை வேலையை மும்முரமாகப் பிடியுங்கள், அந்தப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் அது ஆடிக்கு ஆகும்.

வரிப் பணத்தையும் கமிஷன் வந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். பிடித்தம் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி வரும் என்றால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் முன்கூட்டியே தவணையாகக் கட்ட வேண்டும். டிசம்பர் 15 தவணை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ மார்கழி பிறந்துவிடும், கவனம்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் கணக்குப் புத்தகமே வேண்டாம் என்கிறார். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் கட்டாயமா?
- அதே வாசகர்

பதில்: வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று மொத்தமாகக் காட்டும் வழி அவருடைய கடைக்குப் பொருந்தும், கமிஷன் வருமானத்துக்கு அது கிடையாது. பெட்ரோல், விளம்பரம், போன் பில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வருடக் கமிஷன் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் சேர்ந்துகொள்ளும், உங்கள் இலக்கு சரியாக அந்த எல்லையில் நிற்கிறது.

ரெராவைப் பொறுத்தவரை, பழைய வீடுகளை மட்டும் கைமாற்றி விடுகிறீர்கள் என்றால் தேவையில்லை. ரெராவில் பதிவான புது லேஅவுட்டிலோ அடுக்குமாடியிலோ ஒரே ஒரு மனையை, வீட்டை விற்றுக் கொடுத்தாலும் நீங்கள் முகவராகப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், சொத்து விலையில் 5% வரை அபராதம் போகலாம். உங்கள் பக்கம் புது லேஅவுட் நிறைய வருகிறது, பதிவுக் கட்டணத்தை இந்த வருடச் செலவிலேயே எழுதிவிடுங்கள்.