பதினோரு கோப்பைகளும் இரண்டு குழு விவாதங்களும்

அம்மா, போன வாரம் கைப்பேசியில் பதினோரு கோப்பைகளின் படங்களைக் காட்டினீர்கள். "ஆறாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குகிறவள் சார். கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்கும் வளாக நேர்காணலில் குழு விவாதத்திலேயே இரண்டு முறை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏதோ பாரபட்சம் நடக்கிறது" என்றீர்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் அன்று மழுப்பிவிட்டேன்.

பாரபட்சம் எதுவும் தெரியவில்லை. அதற்காகக் கோப்பைகளையும் நான் குறைத்துச் சொல்லவில்லை.

நீங்கள் வெளியே காத்திருந்த நேரத்தில் அவளை நெகிழி ஒழிப்பு பற்றிப் பேசச் சொன்னேன். பழக்கமான தலைப்புதான். எழுந்து நின்றாள். குரல் ஒரு படி ஏறியது, வலது கை தானாக உயர்ந்தது, பார்வை என் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய நாட்காட்டியில் போய் நின்றது. அறையில் இருந்தவன் நான் ஒருவன். அவளோ "அவையோர்களே" என்று தொடங்கினாள். ஒரு பிசிறு இல்லை. நடுவில் நிறுத்தி, "ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிறகும் கடைகளில் பை கிடைக்கிறதே, ஏன்?" என்று கேட்டேன். விழித்தாள். நாலைந்து நொடி கழித்துப் பேச்சை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

எனக்கு அந்த ஓர் இடம் போதுமாக இருந்தது. அவள் கற்றிருப்பது ஒப்பித்தல். அதில் அவள் கெட்டிக்காரி. நினைவாற்றல், உச்சரிப்பு, கூட்டத்தைக் கண்டு கூசாத நிற்பு எல்லாம் அதனால் வந்த சொத்து. ஆனால் பேச்சுப் போட்டியில் நடுவர் வாய் திறக்க மாட்டார். குழு விவாதத்தில் பத்துப் பேர், பதினைந்து நிமிடம். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்தான். அதையும் யாரும் அழைத்துக் கொடுப்பதில்லை. முன்னால் பேசியவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறாளா என்று பார்க்கிறார்கள். உங்கள் மகள் தன் முறை வரும் என்று காத்திருந்திருக்கிறாள். கடைசியில் கிடைத்த இடைவெளியில் எடுப்பான குரலில் ஓர் உரை. அந்த மேசையில் அது எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆட்சியர் ஆக வேண்டும் என்ற ஆசையையும் சொன்னாள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் எழுத்துத் தாள்களும் நேர்முகமும் சேர்ந்து 2025 மதிப்பெண். நேர்முகத்துக்கு மட்டும் 275. அது குறுக்கு விசாரணை போல இருக்காது, நோக்கமுள்ள இயல்பான உரையாடலாக இருக்கும் என்று தேர்வாணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. அங்கேயும் ஒப்பித்தல் எடுபடாது.

பிறகு அவளை உட்காரச் சொல்லி, "அப்பாவின் மளிகைக் கடையில் மஞ்சப்பை கொண்டுவருகிறார்களா?" என்று சாதாரணமாகக் கேட்டேன். குரல் இறங்கியது, என்னைப் பார்த்தாள். காலையில் தயிர் வாங்க வருகிறவர் பாத்திரம் எடுத்துவருவதில்லை என்றாள். துணிப்பை விற்றால் பத்து ரூபாயா என்று கோபித்துக்கொள்கிறார்களாம். பை இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்களாம். அங்கே கல்லாவுக்குக் கீழே கட்டுக்கட்டாக வைத்திருக்கிறார்களாம். இடையில் இரண்டு முறை குறுக்கிட்டேன். ஒரு முறை நான் சொன்னதை மறுத்தே பேசினாள். குழு விவாதத்தில் கேட்க விரும்புவது இதைத்தான். அவளிடம் இருக்கும் பெரிய பலம் இதுவே. கோப்பை கிடைக்காத பேச்சு என்பதால் அவளும் நீங்களும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தன் நிறைகுறைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னபோது நிறை என்று "தன்னம்பிக்கை, குரல் வளம்" என எழுதினாள். குறை என்று "பதற்றம், ஆங்கிலம் வராது" என எழுதினாள். நான்குமே பிறர் சொல்லிக் கேட்டவை. நிறை இரண்டும் ஆசிரியர்கள் சொன்னது, குறை இரண்டும் கல்லூரித் தோழிகள் சொன்னது. இப்படிப் பெரிய பெரிய சொற்களாக எழுதினால் திருத்த வழி கிடைக்காது. அதனால் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். தினமும் இரண்டு நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டும். ஒரு முறை திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும், ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் மட்டும் எழுத வேண்டும். "'ஆகவே' பதினான்கு முறை", "கேள்வி முடியும் முன்பே பதில்" என்கிற மாதிரி. "சுமாராகப் பேசினேன்" என்று எழுதினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முதல் நாள் தன் குரலே பிடிக்காமல் போகும். பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, பதிவில் அந்தக் கனம் இருக்காது. அதைக் குறையாக எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆங்கிலத்தைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அது பேச்சின் குறை அல்ல, சொற்களின் பற்றாக்குறை. "மைசெல்ஃப்" என்று தொடங்கும் மனப்பாட அறிமுகத்தை விட்டுவிட்டு, கடையில் அன்று நடந்ததை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லட்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று நேர்காணலில் கேட்டால், எதிலும் முழுமை தேடுவதுதான் என் பலவீனம் என்று சொல்லும்படி யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது புளித்துப்போன பதில். "மனப்பாடமாகப் பேசிப் பழகியவள் நான், குறுக்கே கேள்வி வந்தால் தடுமாறினேன், இப்போது இப்படிப் பயிற்சி எடுக்கிறேன்" என்று நடந்ததைச் சொல்லட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "அருமையாகப் பேசினாய்" என்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேசினால் பாதியில் ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா ஏதாவது சொன்னால், அதை அவள் ஒரே வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாள் எரிச்சல்படுவாள்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது கோப்பைப் படங்கள் வேண்டாம். கடை பற்றிய பதிவை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள், அப்பா குறுக்கே பேசிய இடங்களை வெட்டாமல்.