கோட் 21 வந்தால் வெயில் சென்சரை மாற்றத்தான் வேண்டுமா?

சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது ஓட்டோ ஏசி உள்ள டொயோட்டா அக்ஸியோ. மத்தியான வெயிலில் ஏசி காணாது. கராஜில் பார்த்துவிட்டு, கோட் 21 காட்டுது, டாஷ்போர்ட்டில இருக்கிற வெயில் சென்சரை மாத்துங்கோ என்கிறார்கள். கொழும்பிலிருந்து எடுப்பிக்கவா? நானே பூட்டலாமா?"

பூட்டலாம், பெரிய வேலையில்லை. ஆனால் காசு அனுப்பமுதல் ஒன்று சொல்லுங்கள்: அந்தக் கோட்டை, அதாவது ஏசி கணினி காட்டும் பழுது இலக்கத்தை, எங்கே வைத்துப் பார்த்தார்கள்? கராஜ் கொட்டிலுக்குள் என்றால் நம்பவேண்டாம். இருட்டான இடத்தில் சோதித்தால் நல்ல சென்சருக்கும் 21 வரலாம். வெளிச்சமே விழாதபோது, சென்சர் பழுதா, வெயில் இல்லையா என்று ஏசி கணினிக்குப் பிரித்தறியத் தெரியாது.

காரை வெயிலில் விட்டு நீங்களே பாருங்கள். ஓட்டோ பட்டனையும் உட்காற்றுச் சுழற்சிப் பட்டனையும் சேர்த்து அமத்தியபடி திறப்பை 'ஓன்' வரை திருப்பினால், விளக்குகள் நாலு தரம் மின்னிவிட்டு இலக்கம் வரும். 00 என்றால் குறையில்லை. 11 உள்வெப்ப சென்சர், 12 வெளிவெப்ப சென்சர். வெயிலிலும் 21 வந்தால்தான் உங்கள் கராஜ்காரர் சொன்னது சரியாக இருக்கலாம்.

அதற்கும் முதல், முன்கண்ணாடியோரம் டாஷ்போர்ட்டில் இருக்கும் அந்தக் கறுத்த சிறு குமிழைத் தேடுங்கள். வெல்வெட் விரிப்பு மூடியிருக்கலாம். பிள்ளையார் நிழல் விழுத்தலாம். அவரை ஒரு சாண் தள்ளி இருத்துங்கள், கோபிக்கமாட்டார்.

இன்னொன்று. இந்தச் சென்சர் ஏசியைக் குளிராக்குவதில்லை. வெளிச்சத்துக்கேற்ப மின்னோட்டம் மாறும் ஒரு போட்டோடயோட்தான் அது. வெயில் ஏற, கணினி காற்றைக் கூட்டி இன்னும் குளிராக விடும். ஓட்டோவை விட்டு, கையால் வெப்பநிலையை அடிமட்டத்துக்கும் காற்றை உச்சத்துக்கும் வையுங்கள். அப்போதும் குளிராவிட்டால் காஸ், கொம்பிரசர், கண்டென்சர் பேன் பக்கம் போங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், திறப்பை நிறுத்திவிட்டு பிளாஸ்ரிக் நெம்பியால் மெல்லக் கிளப்புங்கள். இரும்புத் திருப்புளி என்றால் முனைக்கு ரேப் சுற்றுங்கள். பிளக்கைக் கழற்றமுதல் வயரை ஒரு நூலால் கட்டிவிடுவது நல்லது. உள்ளே விழுந்தால் டாஷ்போர்ட்டைக் கழற்றவேண்டி வரலாம்.

கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த சென்சர் எடுப்பதில் தவறில்லை. பழையதில் உள்ள பாகஇலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். சில மொடல்களில் ஹெட்லைற் தானாக எரியும் சென்சரும் இதோடு சேர்ந்தே வரும், பிளக் பொருந்தாது. மேசையில் வைத்துச் சோதிப்பதானால் பழைய இழை மின்குமிழைப் பிடியுங்கள். போன் வெளிச்சத்தில் அகச்சிவப்பு போதாது.

பூட்டியபின் மறுபடி வெயிலில் கோட் பாருங்கள். அப்போதும் 21 நின்றால் முதலில் வயரைத்தான் சந்தேகிக்கவேண்டும். முற்றத்தில் நிற்கும் கார்களில் எலி கடித்த வயர் ஒன்றும் அபூர்வமல்ல.