டாலஸ் பக்கம் பாஸ் மீன் பிடிக்க: முதலில் காலடியில் வீசுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: டாலஸுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, அலுவலகத்தில் பாதிப் பேர் சனிக்கிழமை ஆனால் பாஸ் மீன் பிடிக்கப் போகிறார்கள், அதைப் பார்த்து நீங்களும் பெய்ட்காஸ்டர் என்ற வகை ரீல் (நரம்பு சுற்றும் கருவி) ஒன்றும் பெட்டி நிறைய லூரும் (போலி இரை) வாங்கிவிட்டீர்கள், மூன்று வாரமாகத் தூண்டில் நரம்பு சிக்கியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை, எந்த ராடு (தூண்டில் கோல்) வாங்கினால் இன்னும் தூரமாக வீசலாம்? பிடித்ததைச் சாப்பிடலாமா என்று கடைசி வரியில் கூச்சத்தோடு ஒரு துணைக்கேள்வியும் இருந்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தூரமாக வீச ஒரு ராடும் வாங்க வேண்டாம். நீங்கள் தேடுகிற மீன் தூரத்தில் இல்லை. இது எனக்குத் தெரியவே ஒரு முழு வருடம் ஆனது. வந்த புதிதில் லூயிஸ்வில் ஏரியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டு, தோள்பட்டை கழன்றுவிடும் அளவுக்கு நடு ஏரியைப் பார்த்து வீசிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலையெல்லாம் வீசி அலுத்துப்போய்க் கரையேறி உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற பையனுக்குப் பத்து வயது இருக்கும், நான் ஏறி வந்த இடத்திலேயே, கரையிலிருந்து இரண்டு ராடு நீளம்கூட இருக்காது, ஒரு ரப்பர் புழுவைப் போட்டான். தண்ணீர் ஒரு முறை கொப்பளித்தது, ஒன்றரைப் பவுண்டு பாஸ் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. "நீங்கள் அதன் மேலேயே நின்றுகொண்டிருந்தீர்கள்" என்றான், கிண்டல்கூட இல்லாமல்.

லார்ஜ்மவுத் பாஸ் துரத்தித் துரத்தித் தின்கிற மீன் இல்லை, பதுங்கி அடிக்கிற மீன். விரால் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. செடி ஓரம், நிழல், மூழ்கிய மரம், கல் இடுக்கு என்று எதையாவது ஒட்டி அசையாமல் நிற்கும், வாய்க்கெட்டும் தூரத்தில் ஏதாவது வந்தால் ஒரே பாய்ச்சல். டெக்சஸ் ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே அணை கட்டி உண்டாக்கியவை. அணையோரம் கொட்டிய கருங்கல், படகுத்துறையின் தூண்கள், மூழ்கிப்போன மரக்கட்டை என்று மீன் பதுங்கத் தோதான இடம் பெரும்பாலும் கரையை ஒட்டித்தான். அதனால் கரையில் நிற்கிறவன் நேராக முன்னால் வீசக் கூடாது, கரைக்கு இணையாக வீச வேண்டும். நேராக வீசினால் லூர் நல்ல இடத்தில் இருப்பது கடைசி இரண்டு மீட்டர்தான். இணையாக வீசினால் வழி முழுக்க அது மீன் வாசலிலேயே நடந்து வரும். தண்ணீர் விளிம்புக்குப் போவதற்கு முன்னாலேயே நின்று முதல் இரண்டு வீச்சையும் ஓரத்திலேயே போட்டுவிட்டு, அப்புறம் கிட்டே போங்கள்.

சரி, வீசுவதற்கு முன்னால் உரிமம். டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவர்தான் உள்ளூர்வாசிக் கட்டணத்துக்குத் தகுதி. நீங்கள் நான்கு மாதம், ஆகவே வெளியூர்க்காரர் கணக்கு. நான் பார்த்தபோது நன்னீர் உரிமம் உள்ளூர்வாசிக்கு 30 டாலர், மற்றவருக்கு 58. இந்த வருடாந்திர உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று காலாவதி ஆகிவிடும், ஜூலையில் வாங்கிவிட்டு அடுத்த ஜூலை வரை இருக்கும் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. இன்னும் இரண்டு மாதம் ஓட்ட ஒரு வழி இருக்கிறது: மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்தோ துறையிலிருந்தோ பிடிக்க உரிமமே தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஜோ பூல் ஏரியில் சீடர் ஹில் பூங்காவும், ரே ராபர்ட்ஸ் ஏரியில் அதே பெயருள்ள பூங்காவும் உங்களுக்குக் கிட்டே. அளவு விதிகள் மட்டும் அங்கேயும் உண்டு.

இப்போது சாமான். பெய்ட்காஸ்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஆறு மாதம் அலமாரியில் வையுங்கள். ஆறரை அல்லது ஏழு அடியில் மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (முனைப் பக்கம் மட்டும் வளைவது) ஸ்பின்னிங் ராடு ஒன்று, 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று, அதில் 8 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு. அவ்வளவுதான். பிரெய்டு (பின்னல் நரம்பு), ஃப்ளோரோகார்பன் எல்லாம் நல்ல சரக்குதான், ஆனால் ஃப்ளோரோ விறைப்பு, சின்ன ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) சுருள் சுருளாக எழும்பி நிற்கும், பிரெய்டுக்கு முன்னால் வேறு நரம்பை முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும், அந்தத் தலைவலி இப்போது எதற்கு. ஸ்பூலை விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரைக்கும் நிரப்புங்கள். குறைந்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது, தளும்ப நிரப்பினால் கொத்தாக வழியும்.

முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும், பலோமர். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் விட்டு, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளை முழுசாக நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடாகி அங்கேயே வலுவிழக்கும், மீன் வந்ததும் படக்கென்று போகும். நான் இழந்த மீன்களில் பாதி இந்தச் சோம்பலில் போனவை.

வீசுவது. முள் இல்லாத பயிற்சிக் குண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுப் பின்புறத்திலோ அடுக்ககத்தின் காலி வாகன நிறுத்தத்திலோ நில்லுங்கள். முனையிலிருந்து ஒரு முழம் நரம்பு தொங்கட்டும். ஆள்காட்டி விரலால் நரம்பைக் கொக்கி மாதிரி தூக்கி ராடோடு சேர்த்துப் பிடித்து, மற்ற கையால் ரீலின் வளைகம்பியைத் திறவுங்கள். ராடைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினால் குண்டின் கனத்தில் முனை பின்னால் வளைவது கையிலேயே தெரியும். அந்த வளைவுதான் வீசப் போகிறது, உங்கள் புஜம் இல்லை. கிரிக்கெட் பந்து எறிவது மாதிரி மொத்த உடம்பையும் போட்டு எறிகிறீர்கள் என்று உங்கள் கேள்வியைப் படித்ததுமே தோன்றியது, நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் தொடங்குவோம். முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும், மணிக்கட்டும் முன்கையும் போதும், முனை கண்மட்டத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தி விரலை விடுங்கள். குண்டு வானத்துக்குப் போனால் விரலைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள், காலடியில் தொப்பென்று விழுந்தால் தாமதமாக விட்டீர்கள். இதை மட்டும் கவனித்து ஐம்பது முறை வீசினால் விரலே கற்றுக்கொள்ளும்.

குண்டு பறக்கும்போது விரலை ஸ்பூலின் விளிம்புக்குக் கிட்டே கொண்டுபோய் ஓடுகிற நரம்பை லேசாகத் தொடுங்கள், வேகம் குறையும், அது மெத்தென்று இறங்கும். பத்து மீட்டர் தள்ளி ஒரு வாளியை வைத்து இப்படிப் பழகுங்கள். வாளிக்குள் போட முடிகிறவனுக்கு மீன் கிடைக்கும், வாளியைத் தாண்டி நாற்பது மீட்டர் வீசுகிறவனுக்கு உடற்பயிற்சி கிடைக்கும். லூர் இறங்கியதும் வளைகம்பியைக் கையால் மூடி, தளர்வை ஒரு முறை இழுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். கைப்பிடியைச் சுழற்றி மூடினால் தளர்ந்த நரம்பு ஸ்பூலில் வளையமாக உட்கார்ந்துகொள்ளும், ஐந்தாறு வீச்சு கழித்துக் கொத்தாக வெளியே வரும், ரீல் மட்டம் என்று நீங்கள் அதைத் திட்டுவீர்கள்.

பெய்ட்காஸ்டர் ஏன் சிக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அலமாரியில் இருந்தாலும் கை அரிக்கும் இல்லையா. ஸ்பின்னிங்கில் ஸ்பூல் சுழலாது, நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழல்கிறது. லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்திலேயே சுற்றுகிறது, உபரியாக வருகிற நரம்புக்குப் போக இடம் இல்லை, உள்ளேயே குருவிக்கூடு கட்டிவிடுகிறது. பட்டம் தளர்ந்ததும் நூல்கண்டு கையில் தானாகச் சுழன்று சிக்குமே, அதே கதை. கைப்பிடிப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, பொத்தானை அழுத்தினால் லூர் மெதுவாகக் கீழே இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிடும் அளவுக்கு இறுக்குங்கள். எதிர்ப்பக்கப் பிரேக்கை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள், அரை அவுன்ஸ் குண்டு கட்டிப் பழகுங்கள், லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரல் ஸ்பூலைத் தொட்டிருக்க வேண்டும். சிக்கிவிட்டால் பல்லால் இழுக்காதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பொத்தானை அழுத்தி நரம்பை மெதுவாக உருவுங்கள், பெரும்பாலான சிக்கு அதிலேயே அவிழும்.

லூர் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், மனசு வலிக்கும். ஐந்து அங்குல ரப்பர் புழு, குச்சி மாதிரி இரு முனையும் மழுங்கியது, தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின் என்ற பழுப்புப் பச்சை நிறம், கலங்கலுக்குக் கறுப்பு நீலம். 3/0 அளவு ஆஃப்செட் (கழுத்து மடிந்த) முள். முள் முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் நுழைத்துப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, காது வரை இழுத்து, முள்ளைத் திருப்பி உடம்பில் மறுபடி குத்துங்கள். இதற்குப் பெயரே டெக்சஸ் ரிக், முனை உள்ளே மறைந்திருப்பதால் செடியில் மாட்டாது. புழு ஊசி மாதிரி நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் வளைந்து நின்றாலும் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். ஈயம் வேண்டாம். போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், புழு இரு முனையும் நடுங்கிக்கொண்டே தானாக இறங்கும், கடி பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான். நரம்பு தண்ணீரைத் தொடும் இடத்திலேயே கண் இருக்கட்டும். சில நேரம் கையில் டக் டக் என்று தெரியும், பல நேரம் ஒன்றும் தெரியாது, நரம்பு மட்டும் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கும். ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, அழுத்தமாக இழுங்கள். துள்ளினால் ராடைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

காற்றடிக்கிற நாளுக்கு 3/8 அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்) ஒன்று கூட வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பெரும்பாலும் தெற்குக் காற்று, அலை போய் மோதும் வடகரையில் சின்ன மீன் ஒதுங்கும், அதன் பின்னால் பாஸ் வரும். வீசச் சிரமமான கரைதான் நல்ல கரை. ராடைப் பக்கவாட்டில் வைத்துத் தாழ்வாக வீசுங்கள்.

ரப்பர் புழுவையும் சாயம் பூசிய லூரையும் ஒரே பெட்டியில் போட்டு காரில் விட்டுவிடாதீர்கள். ஆகஸ்டில் நான் விட்டேன், ஒரு வாரம் கழித்துத் திறந்தால் புழு உருகி, லூரின் சாயத்தையும் கரைத்து, பெட்டியின் அடியோடு ஒட்டி அல்வா மாதிரி இருந்தது. கோடையில் விடியும் முன் போய் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுங்கள். நிற்கும் முன் தரையைப் பாருங்கள், பொலபொலவென்று குவிந்த மண் நெருப்பெறும்புப் புற்று, நரம்பையே முறைத்துக்கொண்டு நின்றால் கால்சட்டைக்குள் ஏறி ஒன்றாகக் கடிக்கத் தொடங்கும் வரை தெரியாது. கரைப்புதரில் காட்டன்மவுத் என்ற நச்சுப் பாம்பும் உண்டு, செருப்போடு போகாதீர்கள்.

சாப்பிடலாமா என்றால், சட்டப்படிச் சாப்பிடலாம். பொது விதி ஒரு நாளைக்கு ஐந்து, லார்ஜ்மவுத் 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, வாயை மூடி வாலைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். ஏரிக்கு ஏரி மாறும். லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும், 1992-இல் 18.18 பவுண்டு மாநிலச் சாதனை மீன் கிடைத்த ஏரி அது. பெரிய மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், ஈரக்கையால் வயிற்றையும் தாங்கி, படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள். நான் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை, பாதி அந்த மீன் மேல் உள்ள ஆசையினால், பாதி சுத்தம் செய்யும் சோம்பலினால். குழம்புக்குத்தான் வேண்டும் என்றால் கெளுத்தி பிடியுங்கள், இந்த ஏரிகளிலேயே நிறைய உண்டு, ஆனால் அதற்கு ராடும் வேறு, இரையும் வேறு, நாற்றமும் வேறு, தனியாகக் கேளுங்கள் சொல்கிறேன்.